தடித்த ஜெர்கின் ஒன்று போதாது, உள்ளே போடுவதைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும் மலையேறப் போகிறவர்களும் என்னென்ன உடுப்பு எடுத்துவைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம், தேவையான விஷயமும்கூட. ஆனால் அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்த ஆலோசனை, அதாவது உள்ளே நல்ல காட்டன் பனியன், மேலே கிடைப்பதிலேயே தடிமனான ஒரு ஜெர்கின், அவ்வளவு போதும் என்பது, தவறு. சின்னத் தவறாக இருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பேன். இதை நம்பி ஒரு பையன் குளிர்நாட்டு மழையில் நாள் முழுக்க வெளியே இருந்தால் அவன் உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் போவானேன், கார்த்திகை மாத ராத்திரியில் நம் கடலுக்குப் போகிறவர்களுக்கே இது பொருந்தாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

நான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சு ராணுவச் சிப்பாயை இங்கே சொல்தா என்போம், புதுச்சேரியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிரான்சின் கிழக்கே வோஜ் மலைப்பக்கம் இருந்த காலத்தில், கூட வேலை பார்த்தவர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போயிருக்கிறேன். அங்கே அதற்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், எந்த மாதத்தில் எதைச் சுடலாம் என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. பன்றி பெருகி மக்காச்சோளக் காட்டைத் துவம்சம் பண்ணுவதால் அரசே அதை அனுமதிக்கிறது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், ஊசுட்டேரியில் ஒரு நீர்க்கோழியைப் பிடித்தாலும் குற்றம்தான், அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். நான் சொல்ல வந்தது வேட்டையைப் பற்றி இல்லை. வேட்டைக்குப் போகிறவர்கள் உடுப்பை எப்படிப் பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள் என்பதைப் பற்றி. ஏனென்றால் உடுப்புக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேறு கிடையாது.

யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் இருட்டோடு கிளம்பி, முள்ளும் சேறுமாக இருக்கிற சரிவில் நாய்களோடு கத்திக்கொண்டே ஏறுகிறோம், வியர்வை ஊற்றுகிறது. மேலே போனதும் ஒருவரை ஓரிடத்தில் நிறுத்தி, இங்கிருந்து நகரக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். நகர்ந்தால் யாராவது பன்றி என்று நினைத்துச் சுட்டுவிடலாம், அதனால் அந்த விதியில் விட்டுக்கொடுப்பே கிடையாது. அப்படியே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு வெயில், மத்தியானம் தூறல், சாயங்காலம் அதே தூறல் பனியாக விழும். மலையில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும், அது வேறு. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே உடுப்பு. ஓடும்போது வேகக் கூடாது, நிற்கும்போது விறைக்கக் கூடாது. ஒரு தடித்த ஜெர்கினால் இந்த இரண்டையும் செய்ய முடியாது. போட்டால் வேகும், கழற்றினால் விறைக்கும், நடுவில் வேறு வழி இல்லை.

எங்களோடு வந்த ஒருவர், நல்ல வசதியானவர், கடையில் இருந்ததிலேயே விலை உயர்ந்த ஜெர்கினைப் போட்டுக்கொண்டு வந்தார். மேலே ஏறி நின்று, சூடு தாங்காமல் ஜிப்பைத் திறந்தார், முதுகில் இருந்து ஆவி கிளம்பியது, இட்லிப் பானை மூடியைத் தூக்கின மாதிரி. உள்ளே காட்டன் டி-ஷர்ட். அதன் கீழ் ஓரத்தைப் பிடித்து முறுக்கினார், தண்ணீர் சொட்டியது, மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அத்தனையும் அவருடைய சொந்த வியர்வை. கொஞ்ச நேரம்தான், காற்று மாறியது, அவருக்குப் பல் கிட்ட ஆரம்பித்தது, பிறகு விரல் மடங்கவில்லை, துப்பாக்கியில் இருந்து தோட்டாவை எடுக்கச் சொன்னால் எடுக்க முடியவில்லை. அவரைக் கீழே இறக்கி, வண்டிக்குள் உட்காரவைத்து, அந்தச் சட்டையை உரித்து எடுத்துவிட்டுக் காய்ந்த கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டோம். வெளியே இருந்த ஜெர்கினில் ஒரு குறையும் இல்லை, ஆளைப் படுத்தியது அந்த டி-ஷர்ட்தான்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தண்ணீர், காற்றைப்போல இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். உடம்பை ஒட்டி ஈரத்துணி இருந்தால் மேலே எத்தனை தடிமனாகப் போட்டாலும் அந்த ஈரம் சூட்டை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். எந்த நூல் எவ்வளவு ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதற்கு ஜவுளித் தொழிலில் கணக்கு இருக்கிறது. 65 சதவீத ஈரப்பதம் உள்ள சாதாரணக் காற்றில் சும்மா வைத்தாலே பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது, சுமார் 0.4 தான். கம்பளி 14 முதல் 16 சதவீதம் எடுக்கும். இதைப் படித்ததும், அப்படியானால் கம்பளிதானே மோசம் என்று கேட்பீர்கள். இல்லை. ஆட்டு ரோமம் ஈரத்தை இழைக்கு உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது, மேல்தோல் தண்ணீரை ஒட்டவிடாது. அப்புறம் அந்த இழை சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தாலும் படிந்துபோகாமல் நடுவில் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பருத்தி நனைந்தால் தோலோடு ஒட்டிப் படிந்துவிடும், காற்றுக்கு இடமே இருக்காது. சூட்டைக் காப்பது துணி இல்லை, துணிக்கு நடுவில் அசையாமல் நிற்கிற காற்று. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்.

பருத்திமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. எங்கள் அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர், பருத்தியில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. சித்திரை வெயிலுக்கு அதைவிட நல்ல துணி இந்த உலகத்தில் இல்லை, காரணமும் அதேதான், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். வெயிலில் நமக்கு வேண்டியதும் அதுதானே. குளிரில் அதே குணம் எதிரி ஆகிவிடுகிறது.

சரி, முறைக்கு வருகிறேன். வேட்டைக்காரர்கள், மலையேறுபவர்கள், ராணுவத்தினர் எல்லோருமே அடுக்காகத்தான் போடுகிறார்கள். தோலை ஒட்டி ஒன்று, அதற்கு மேல் சூட்டுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுக்கும் மழைக்கும் ஒன்று. மூன்றும் மெல்லியவை, மூன்றையும் தனித்தனியாகப் போடலாம், கழற்றலாம். மூன்றில் எதற்கு அதிகம் யோசிக்க வேண்டும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், தோலை ஒட்டிப் போடுவதற்கு. எல்லோரும் காசைக் கொண்டுபோய் வெளியே தெரிகிற ஜெர்கினில் கொட்டுகிறார்கள்.

தோலை ஒட்டிப் போடுவது மெரினோ என்கிற மெல்லிய ஆட்டு ரோமத்தில் இருந்தால் ரொம்ப நல்லது. நம் ஊர்க் கம்பளிபோல் குத்தாது, நாலு நாள் போட்டாலும் நாற்றம் குறைவு. வேட்டைக்காரர்கள் அதை விரும்புவதற்கு அந்த நாற்றம் ஒரு பெரிய காரணம், பன்றிக்கு மூக்குதான் எல்லாம், காற்று உங்கள் முதுகில் இருந்து அதன் பக்கம் வீசினால் நீங்கள் என்ன போட்டாலும் அது போய்விடும். மெரினோ விலை அதிகம். அது முடியாதவர்களுக்கு மெல்லிய பாலியஸ்டர் போதும், வியர்வையைத் தோலில் இருந்து இழுத்து வெளிப்பக்கம் பரப்பிக் காயவிடும், நாற்றம் மட்டும் சீக்கிரம் பிடிக்கும். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொள என்று இருந்தால் வேலை செய்யாது. கடையில் தெர்மல் என்று எழுதி விற்கிறார்களே, அவற்றில் பலவற்றில் பருத்தி கலந்திருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், கழுத்துக்குப் பின்னால் அல்லது இடுப்புப் பக்கம் தைத்திருக்கும் சின்னச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள், அதில் எந்த நூல் எத்தனை சதவீதம் என்று இருக்கும். சீட்டு இல்லாவிட்டால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் காட்டன் பனியனையும் பிள்ளையின் கால்பந்து ஜெர்சியையும் ஒரே வாளியில் நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, நிழலில் ஃபேனுக்குக் கீழே கொடியில் போடுங்கள். ஜெர்சி காய்ந்து மடித்து வைத்த பிறகும் பனியனின் தையலோரம் சில்லென்று இருக்கும்.

நடுவில் போடுவதற்கு ஃப்ளீஸ் நல்லது. அதுவும் பாலியஸ்டர்தான், பிரஷ் போட்டு இழையைக் கிளப்பிவிட்டிருப்பார்கள், 1980 வாக்கில் அமெரிக்காவில் ஒரு மில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது. நனைந்தால் உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். கம்பளி ஸ்வெட்டரும் நல்லது, கொஞ்சம் கனம். வாத்து இறகு அடைத்த ஜெர்கின் இருக்கிறதே, பையில் சுருட்டினால் ஒரு சொம்பு அளவுக்கு வந்துவிடும், காய்ந்த குளிருக்கு அதற்கு இணை இல்லை. ஆனால் இறகு நனைந்தால் கட்டிபிடித்து அமுங்கிவிடும், அப்புறம் அது வெறும் பைதான். மழையும் குளிரும் சேர்ந்து வரும் இடத்துக்கு இறகு வேண்டாம், செயற்கைப் பஞ்சு அடைத்தது போதும். லடாக் போகிறவர் இறகு வாங்கலாம், நவம்பர் மாதம் பாரிசுக்கோ ஸ்ட்ராஸ்பூருக்கோ போகிற பிள்ளைக்கு அது முதல் தேவை இல்லை. ஒரே தடிமனான ஸ்வெட்டருக்குப் பதில் இரண்டு மெல்லியது வாங்குங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு காற்று அடுக்கு இலவசமாகக் கிடைக்கிறது, ஒன்றைக் கழற்றவும் முடியும்.

வெளியே போடுவதற்கு வேலை சூடு தருவது இல்லை, காற்றையும் மழையையும் நிறுத்துவது மட்டும்தான். கோர்டெக்ஸ் மாதிரி சவ்வு வைத்த துணிகள் இருக்கின்றன. 1969 இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் என்கிற பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளை விழுந்து விரிந்தது, அதுதான் ஆரம்பம். தண்ணீர்த்துளி உள்ளே வர முடியாத அளவுக்குச் சின்னத் துளை, ஆவி வெளியே போகிற அளவுக்குப் பெரிய துளை. நல்ல சரக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் நடந்தால் சரக் சரக் என்று சத்தம் போடும், அதனால் பல பழைய வேட்டைக்காரர்கள் இன்னமும் லோடன் என்கிற, ஆல்ப்ஸ் மலை ஆட்கள் ரோமத்தை அடித்து இறுக்கிச் செய்கிற கம்பளித் துணியைத்தான் போடுகிறார்கள், கிளையில் உரசினாலும் சத்தம் வராது, தூறலைத் தாங்கும், பெருமழையைத் தாங்காது. பறவை பார்க்கிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஊசுட்டேரிக் கரையில் சரசரக்கும் பிளாஸ்டிக் கோட்டோடு நடந்தால் நாரை உங்களுக்காக உட்கார்ந்திருக்காது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இளைஞர்கள் பச்சைப்புள்ளி போட்ட ராணுவ மாதிரி உடுப்புக்கு ஆசைப்படுவதால். பிரான்சில் கூட்டமாக விரட்டி வேட்டையாடும்போது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் போடுவது சட்டப்படி கட்டாயம், மனிதனை மனிதன் சுடாமல் இருக்க. விலங்குக்குத் தெரிந்துவிடாதா என்றால், மானுக்குச் சிவப்பு நிறத்தைப் பிரித்துப் பார்க்கும் கண் கிடையாது, ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். நீலமும் அதற்கும் அப்பால் உள்ள புற ஊதா ஒளியும் அதற்கு நன்றாகத் தெரியும். நாம் துணியைப் பளிச்சென்று காட்டுவதற்காகச் சோப்புத்தூளில் கலக்கிற ரசாயனம் புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிவிடும், அதனால் விவரம் தெரிந்த வேட்டைக்காரர் அந்தத் தூளில் துவைக்கவே மாட்டார். பறவைகள் பலவற்றுக்கும் புற ஊதா தெரியும். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பச்சைப்புள்ளிச் சட்டை வாங்கி, அதை வெண்மை தரும் தூளில் ஊறவைக்காதீர்கள். அதோடு, துணி மிருதுவாவதற்கு ஊற்றுகிற திரவத்தையும் இந்த உடுப்பு எதற்கும் ஊற்ற வேண்டாம், வியர்வையை இழுக்கும் குணத்தை அது கெடுத்துவிடும்.

உடுப்பு வாங்குவதோடு வேலை முடியாது, போடுகிற பழக்கம் இருக்க வேண்டும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். வியர்ப்பதற்கு முன்னால் கழற்ற வேண்டும், குளிர்வதற்கு முன்னால் போட வேண்டும். மேலே ஏறி நிற்கப் போகிற இடம் வந்ததும், உடம்பில் சூடு இருக்கும்போதே நடு அடுக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும், நடுங்க ஆரம்பித்த பிறகு போட்டால் அந்தச் சூட்டைத் திரும்பக் கொண்டுவர ரொம்ப நேரம் ஆகும். பையில் ஒரு காய்ந்த உள்சட்டை, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, எப்போதும் இருக்க வேண்டும். காலுக்குக் கம்பளி சாக்ஸ், காட்டன் சாக்ஸ் நனைந்தால் கொப்புளம் நிச்சயம். குளிருகிறது என்று இரண்டு சாக்ஸைத் திணித்து பூட்ஸை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று பாதம் இன்னும் விறைக்கும், பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். குல்லா, மப்ளர் இரண்டும் ஒரு கை அளவுதான், அவற்றைப் போட்டு எடுப்பதே சூட்டைக் கூட்டிக் குறைக்க மிகச் சுலபமான வழி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் மார்கழியில்கூட வெப்பம் 20 டிகிரியை விட்டு ரொம்பக் கீழே இறங்குவது அரிது, இங்கே எதற்கு இந்தப் பேச்செல்லாம் என்று நினைக்கலாம். வீராம்பட்டினத்திலோ தேவனாம்பட்டினத்திலோ விடியற்காலையில் ஃபைபர் படகு கரைக்கு வரும்போது போய்ப் பாருங்கள். ராத்திரி முழுக்க வாடைக்காற்றில், மழையில், அலை தெறிக்க உட்கார்ந்து வலை இழுத்தவர்கள் அவர்கள். உள்ளே காட்டன் பனியன், மேலே ஒரு பழைய சட்டை, அதற்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் கோட். வலை இழுக்கும்போது வியர்த்து, அந்த வியர்வை கோட்டுக்குள்ளேயே தண்ணீராகத் தேங்கி, எஞ்சினைப் போட்டு வேகமாகத் திரும்பும்போது காற்று அறைகிறது. கோட்டைக் கழற்றும்போது உட்பக்கம் தண்ணீர் ஓடும். இருபது டிகிரியில் நனைந்த துணியும் வேகக் காற்றும் சேர்ந்தால், பத்து டிகிரியில் காய்ந்த உடம்போடு நிற்பதைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பக்கத்துக் குப்பத்துக்காரன், சொன்னான்: "மாமா, வலை இழுக்கறப்ப ஒண்ணும் தெரியாது, திரும்பி வர்றப்பதான் கை சொன்னபடி கேக்காது." அப்படியே வோஜ் மலையில் ஏறிவிட்டு நின்றவரின் கதைதான். கை சொன்னபடி கேட்காதவன் படகில் இருந்து தவறி விழுந்தால் கயிற்றைப் பிடிக்க முடியாது.

அவர்களுக்கு விலை உயர்ந்த கோர்டெக்ஸ் வாங்கித் தரச் சொல்லவில்லை. வாங்கினாலும் இங்கே பிரயோஜனம் குறைவு. அந்தச் சவ்வு வழியாக ஆவி வெளியே போக வேண்டுமானால் உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நம் கரையில் காற்றே தண்ணீர்தான், 90 சதவீத ஈரப்பதத்தில் அந்த ஆவி எங்கே போகும்? ரொம்பக் கொஞ்சம்தான் போகும். குளிர்நாட்டுக் கடையில் சொல்வதை அப்படியே இங்கே கொண்டுவந்து விற்கிறவர்கள் இதைச் சொல்வது இல்லை. இங்கே வேண்டியது, அக்குளிலும் முதுகிலும் காற்றுப் போகத் திறப்பு வைத்த, தொளதொளப்பான, தண்ணீர் புகாத சாதாரண மேல்கோட்டும் பேன்ட்டும். பான்சோ மாதிரித் தொங்குகிற உடுப்பு கடலில் வேண்டவே வேண்டாம், வலையிலும் எஞ்சினிலும் மாட்டும். கடலூர் சிப்காட்டுக்கு ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்கள் பைக்கில் அதைப் போடுவதையும் பார்க்கிறேன், பின்சக்கரத்தில் சுற்றினால் உயிர் போகும். உள்ளே, பனியனுக்குப் பதில் ஒரு ஒட்டிய பாலியஸ்டர் ஜெர்சி. இந்த ஒரு மாற்றம் மட்டும் செய்தாலே போதும், மற்றது மெதுவாக வரட்டும். எம்.ஜி. ரோட்டு ஞாயிறு சந்தையில் ஏற்றுமதியில் மிஞ்சின சரக்கு குவித்து வைத்து விற்கிறார்கள், சீட்டைத் திருப்பிப் பார்த்து எடுத்தால் பனியன் விலைக்கே கிடைக்கும். திரும்பி வருகிற நேரத்துக்கு ஒரு காய்ந்த ஃப்ளீஸ், மீன் வைக்கிற பெட்டியோடு சேராமல் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். ஒரு எச்சரிக்கை, பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், படகில் அடுப்பு மூட்டுகிறவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோட்டின் நிறம் நீலமாகவோ கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கக் கூடாது. கடலில் விழுந்த ஆளைத் தேடும்போது அந்த நிறங்கள் அலையோடு அலையாக மறைந்துவிடும். வேட்டைக்காரர்கள் போடுகிற அதே ஆரஞ்சு, இல்லையென்றால் மஞ்சள். உயிர்காப்புக் கவசம் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்க வேண்டும், கோட்டுக்கு உள்ளே போட்டால் தண்ணீரில் அது மேலேறிக் கழுத்தை அழுத்தும், பிடித்துத் தூக்குகிறவர்களுக்கும் கைப்பிடி கிடைக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும், நம் ஊரில் இது அதிகம் என்பதால். குளிருக்கு ஒரு பெக் போட்டால் சூடு ஏறும் என்று கடலுக்குப் போகிறவர்களும் நம்புகிறார்கள், பிரான்சில் வேட்டைக்கு வருகிறவர்களிலும் நம்புகிறவர்கள் உண்டு. சாராயம் தோலுக்குப் போகிற ரத்தக் குழாய்களை விரித்துவிடும், அதனால் தோல் சூடாகத் தெரியும், உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து ஆரம்பம். முதலில் நடுக்கம், பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நடுக்கம் தானாக நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது, அதுதான் மோசமான கட்டம். ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, காய்ந்த துணியில் சுற்றி, நினைவு இருந்தால் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல், இரண்டுமே நம் தலைக்கு மேல்தான் கரை ஏறின. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் நனைந்த துணியோடு நின்றவர்கள் எத்தனையோ பேர். முகாம்களில் போர்வை கொடுத்தார்கள், நல்லது. நனைந்த சட்டையின் மேலேயே அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வயசானவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்த ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்ல, மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த சட்டை கொடுக்க, பெண்களுக்கு ஒரு மறைப்புக் கட்ட, யாரும் நினைக்கவில்லை. போர்வைக் கட்டோடு ஒரு கட்டு பாலியஸ்டர் சட்டையும் சேர்த்து வைத்தால் போதும், பெரிய செலவு இல்லை.

ஆகவே ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து அந்தக் கட்டச் செய்திக்கு ஒரு திருத்தம் போட வேண்டும். செப்டம்பர் மாதம் பிரான்சுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளின் அப்பா அம்மா இப்போதே கடை கடையாக அலைகிறார்கள், தடிமனாக இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறார்கள். உள்சட்டைகளை இங்கே வாங்கிக்கொண்டு, வெளிக்கோட்டைப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஊர் மழையைப் பார்த்து அங்கேயே வாங்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். மீனவர்களுக்கு மழைக்காலத்துக்கு முன்னால் கோட்டு வாங்கித் தருகிற அமைப்புகளும் சங்கங்களும் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை ஆரஞ்சு நிறத்தில், மேல் கீழ் இரண்டு துண்டாக, அக்குளில் திறப்பு வைத்ததாகப் பார்த்து எடுக்கட்டும், கூடவே ஆளுக்கு ஒரு ஜெர்சி கொடுக்கட்டும். துணி எடுக்கும்போது பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், என் விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சொல்தா,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி